மிச்சம்

ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடி, அதன்மேல் எங்கள் கோபுரம்.
கீழே ஐஸ் கம்பெனி வாசலில் மஸ்தான்,
நாற்பது மீட்டர்கூட இல்லை.
தேசப்பனோ காசிமேட்டைத் தாண்டி
ஏழு கிலோமீட்டரில், படகின் அணியத்தில்,
ஈரக்கையோடு.
சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள். ஆளுக்கு முந்நூறு ரூபாய்.
எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தோம்.

இருவருக்கும் ஒரே நொடி, ஒரே அலைவரிசை.
தரமணியில் ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு
இருவரும் கலந்து வந்த ஒற்றைக் கோட்டைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி இரண்டு பத்து.

முன்பெல்லாம் டோக்கன்.
வங்கியில்போல உட்கார்ந்திரு,
உன் எண் வரும்போது வாய் திற.
ஊரில் போன் பெருத்தது. நாற்காலி பெருகவில்லை.
இப்போது விடிகாலை மீன் ஏலம் மாதிரி
எல்லோரும் ஒன்றாகக் கத்தலாம்.
கேட்பவளுக்குத்தான் வேலை.

உரத்து வருவதை முதலில் படி.
மஸ்தான் சொன்னது பிடிபட்டதும்
அதை நீயே ஒருமுறை சொல்லிப் பார்,
அவர் சொன்னபடி அல்ல,
இங்கே வந்து சேர்ந்தபடி:
தண்ணீர் டேங்கில் மோதி, தகரக் கூரையில் சறுக்கி,
கொஞ்சம் கோணி, கொஞ்சம் பிந்தி.
பிறகு மொத்தத்திலிருந்து அதைக் கழி.
மிச்சத்தில் தேசப்பன் இருப்பான்.

இதில் எனக்குப் பிடித்தது,
உரத்தவர்தான் அடுத்தவன் குரலை இரைச்சலாகச் சுமக்கிறார்.
மெல்லியவனுக்குத் துடைத்த சிலேட்டு.
பிடிக்காதது,
இருவரும் சம பலத்தில் வந்தால் இருவருமே காலி.
மஸ்தானின் போனை அடக்கி வாசிக்கச் சொல்லலாம்,
ரொம்ப அடக்கிவிடக் கூடாது.
பத்ரி சார் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. சம்பளம் பற்றிப் பேசப் போயிருந்தேன் அன்று.

இன்றிரவு தேசப்பன் வரவில்லை.
கழிக்கிறேன், குப்பை.
மறுபடி. குப்பை.
முன்னதில் ஒரு பிட்டைத் தப்பாகப் படித்துக் கழித்தால்
அது போவதில்லை, இரட்டிப்பாகி
அடுத்தவன் தலைமேல் உட்கார்கிறது.
மஸ்தானை நான் தப்பாகக் கேட்டதற்குக்
கடலில் இருப்பவன் ஊமை.

மூன்று மணிக்கு ஹெப்சிபா இரண்டு டீயோடு வந்தாள்.
திரையைப் பார்த்தாள். "இங்க என்னடி நெளியுது?"
நெளிந்தது.
இன்னொரு போனில் மஸ்தானைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"லாரிம்மா. அரை மணியா ரிவர்ஸ் எடுக்குறான்,
இன்னும் கேட்டுக்குள்ள பூரல."
அதன் தகரப் பக்கத்தில் பட்டுப்பட்டு
நொடிக்கொரு கோணத்தில் வந்திருக்கிறது அவர் குரல்.
நான் ஒரே ஒரு முறை அளந்துவிட்டு
அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

அளவை அடிக்கடி புதுப்பித்தேன்.
டீ ஆறிப்போனது.
மூன்று ஐம்பதுக்கு, எழுத்தெழுத்தாக:
"சங்கரா நாலு பொட்டி. ஐஸ் பத்தல.
யாருனா கேக்குறீங்களா இத?"
ஹெப்சிபா மேசையைத் தட்டினாள்.

அவனையும் கழிக்க வேண்டும். அதுதான் முறை.
கழித்தேன்.
தரையோடு தரையாக ஒரு கோடு மிஞ்சியது.
மூன்றாம் கட்டத்தில் "இரைச்சல்" என்று அடித்தேன்.
பதிவு செய்யுமுன்
கோட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், சும்மா.
இன்னும் கொஞ்சம்.
வெளியே முதல் பறக்கும் ரயில், கண்ணாடி அதிர்ந்தது.
அது அடங்கட்டும் என்று
விரலை விசையிலிருந்து எடுத்தேன்.